அன்று பென்சில், இன்று கணினி: டிஸ்னி கூடம் விழுந்து எழுந்த கதை

1940-ல் வால்ட் டிஸ்னி கலிஃபோர்னியாவின் பர்பாங்க் நகரில் தன் ஓவியர்களுக்காகவே ஒரு கட்டடத்தை எழுப்பினார். வரைபவரின் மேசையில் நாள் முழுவதும் ஒரே சீரான வெளிச்சம் விழ வேண்டும் என்பதற்காக, வடதிசை ஒளி வரும்படி அதன் அறைகள் அமைக்கப்பட்டன. ‘ஸ்னோ ஒயிட்’ ஈட்டிய பணத்தில் எழுந்த வளாகம் அது. 45 ஆண்டுகள் கழித்து, 1985-ல், அதே நிறுவனத்தின் புதிய நிர்வாகம் அந்த ஓவியர்களின் வாரிசுகளை அங்கிருந்து காலி செய்யச் சொன்னது. இரண்டு மைல் தள்ளி, க்ளெண்டேலில் இருந்த கிடங்குகளுக்கும் தற்காலிகக் கொட்டகைகளுக்கும் அவர்களுடைய மேசைகள் போய்ச் சேர்ந்தன. அனிமேஷனுக்கென்று கட்டிய கட்டடத்தில் வேறு பிரிவுகளின் அலுவலகங்கள் வந்தன.

அந்த ஆண்டு ஜூலையில் ‘தி ப்ளாக் கால்ட்ரன்’ வெளியானது. அதற்கு ஆன செலவு 4.4 கோடி டாலர். அமெரிக்கத் திரையரங்குகளில் அதில் பாதிகூடத் திரும்பி வரவில்லை. பொம்மைக் கரடிகளை வைத்துச் சிறு முதலீட்டில் எடுக்கப்பட்ட ‘கேர் பேர்ஸ்’ படம் அதே ஆண்டு அதைவிட அதிகம் வசூலித்தது. 28 ஆண்டுகள் கழித்து அதே கூடத்திலிருந்து வந்த ‘ஃப்ரோஸன்’ உலகெங்கும் 128 கோடி டாலர் ஈட்டியது. இந்த இரண்டு எண்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குறையில்லாத வெற்றிக் கதை ஒன்று கிடைக்கும். ஆனால் அந்த எண்களுக்கு நடுவே சில கைத்தொழில்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

கையால் ஆன உலகம்

1937 டிசம்பரில் வெளியான ‘ஸ்னோ ஒயிட்’ 83 நிமிடப் படம். திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் (ஃப்ரேம்கள்) ஓடுகின்றன என்றால், மொத்தம் ஏறத்தாழ 1.2 லட்சம் சட்டங்கள். மூத்த ஓவியர் ஓர் அசைவின் முக்கிய நிலைகளைப் பென்சிலால் வரைவார். இடைப்பட்ட நிலைகளை இளையவர் நிரப்புவார். இன்னொருவர் அந்தக் கோடுகளைத் துப்புரவாக்குவார். பிறகு அந்தத் தாள்கள் மை தீட்டும் பிரிவுக்குப் போகும். அங்கே கண்ணாடி போன்ற செல் தாளைப் படத்தின் மேல் வைத்து, பேனாவால் கோட்டைப் படியெடுப்பார்கள். கோடு காய்ந்ததும் தாளைத் திருப்பிப் பின்புறத்தில் வண்ணம் நிரப்புவார்கள். கடைசியில் கேமராவின் கீழ் ஒவ்வொரு தாளாக வைத்துப் படம் பிடிப்பார்கள். இத்தனைக்கும் ஆன செலவு சுமார் 15 லட்சம் டாலர். ஒரு கார்ட்டூன் படத்துக்கு அவ்வளவா என்று ஹாலிவுட் திகைத்த காலம் அது.

மை தீட்டியவர்களும் வண்ணம் நிரப்பியவர்களும் பெண்கள், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். தலைமுடியைவிட மெல்லிய கோட்டை நடுக்கமில்லாமல் இழுக்கக்கூடிய கைகள் அவர்களுடையவை. ஆனால் அந்தக் கைகள் போகக்கூடிய தூரத்துக்கு ஓர் எல்லை இருந்தது. கதை சொல்வதும் பாத்திரங்களை அசைய வைப்பதும் இளைஞர்களின் வேலை என்று, அந்தப் பணிக்கு விண்ணப்பித்த பெண்களுக்கு நிறுவனம் 1938-ல் எழுத்திலேயே பதில் அனுப்பியது. 1942-ல் வெளியான ‘பாம்பி’யில்தான் ரெட்டா ஸ்காட் என்ற பெண்ணின் பெயர் முதன்முதலாக அனிமேட்டர் பட்டியலில் இடம்பெற்றது. பொற்காலம் என்று இன்று நாம் ஏக்கத்தோடு சொல்லும் காலத்தின் மறுபக்கம் இது. 1941-ல் அதே கூடத்தின் வாசலில் ஓவியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்பதையும் மறப்பதற்கில்லை.

முதல் சரிவு

1950-களின் பெரும்பகுதி ‘ஸ்லீப்பிங் பியூட்டி’க்காகச் செலவழிந்தது. ஐவிண்ட் ஏர்ல் வரைந்த பின்னணிகளில் ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரியும். 1959-ல் படம் வந்தபோது செலவு 60 லட்சம் டாலரைத் தொட்டிருந்தது. முதல் வெளியீட்டில் அது திரும்பவில்லை. ஆட்குறைப்பு தொடங்கியது.

அப்போது உதவிக்கு வந்தது ஸெராக்ஸ் இயந்திரம். வால்ட்டின் பழைய கூட்டாளி அப் ஐவர்க்ஸ் அதைச் செல் தாளுக்கு ஏற்ப மாற்றியமைத்தார். ஓவியரின் பென்சில் கோடு இனி நேராகச் செல்லில் பதியும்; கையால் படியெடுக்க வேண்டியதில்லை. அது இல்லாமல், நூற்றொரு நாய்களின் உடலெங்கும் புள்ளிகள் கொண்ட ஒரு படத்தை 1961-ல் எடுத்து முடித்திருக்கவே முடியாது. தங்கள் சொந்தக் கோடு மாற்றமில்லாமல் திரைக்குப் போவதைக் கண்ட அனிமேட்டர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் வண்ண மையால் இழுத்த மென்கோடு போய், கறுத்த சொரசொரப்பான கோடு வந்தது. மை தீட்டிய கைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேலையும் போனது. இயந்திரம் கூடத்தைக் காப்பாற்றியது. ஒரு கைத்தொழிலைக் கூலியாகப் பெற்றுக்கொண்டது. இந்தக் கணக்கு பிறகும் திரும்பத் திரும்ப வரப்போகிறது.

1966 டிசம்பர் 15 அன்று வால்ட் இறந்தார். அதன்பின் ஒரு தலைமுறைக்கு, கூடத்தில் எழுந்த ஒவ்வொரு கேள்விக்கும் அவர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்பதே விடையாகத் தேடப்பட்டது. புதிதாக யோசித்தே பழகிய ஒருவரின் பெயரால் பழையது திரும்பத் திரும்பச் செய்யப்பட்டது. 1973-ன் ‘ராபின் ஹூட்’டில், காட்டு விருந்தில் மெய்டு மேரியன் ஆடும் நடனத்தின் சில அசைவுகள் 36 ஆண்டுகளுக்கு முன் ஸ்னோ ஒயிட் ஆடியவை. பழைய தாள்களை எடுத்து, அவற்றின் மேல் புதிய உருவத்தை வரைந்திருந்தார்கள். செலவு மிச்சமாகியிருக்கலாம். ஆனால் ஒரு கூடம் தன்னையே படியெடுக்கத் தொடங்கியது அங்கேதான்.

வால்ட் ‘ஒன்பது முதியவர்கள்’ என்று செல்லமாக அழைத்த தலைமை அனிமேட்டர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றார்கள். அவர்களில் ஒருவரான எரிக் லார்சன், புதிதாக வந்த இளைஞர்களுக்கு வேலை கற்றுத் தந்தார். வந்தவர்கள் சாதாரணமானவர்கள் இல்லை. ஜான் லாசெட்டர், பிராட் பேர்ட், டிம் பர்ட்டன், ஜான் மஸ்கர், க்ளென் கீன் என்று பின்னாளில் உலகம் அறிந்த பெயர்கள். அவர்களில் பலரைக் கூடம் தக்கவைத்துக்கொள்ளவில்லை. 1979 செப்டம்பரில் டான் ப்ளூத் தன் சகாக்களோடு வெளியேறித் தனிக் கூடம் தொடங்கினார். கணினியைக் கொண்டு ஒரு படம் செய்யலாம் என்று ஆர்வத்தோடு திட்டம் கொண்டுவந்த லாசெட்டர் சில ஆண்டுகளில் வேலையை இழந்தார். திறமைக்கு அங்கே பஞ்சமே இல்லை. அதன் சொல்லைக் கேட்கும் காதுதான் இல்லாமல் போயிற்று.

கிடங்கில் பிறந்த பாட்டு

1984-ல் நிறுவனத்தையே வெளியாட்கள் விலைக்கு வாங்கிப் பிரித்து விற்கக்கூடிய நிலை வந்தது. வால்ட்டின் அண்ணன் மகன் ராய் இ. டிஸ்னியின் முயற்சியால் தலைமை மாறியது. மைக்கேல் ஈஸ்னர், ஃப்ராங்க் வெல்ஸ், ஜெஃப்ரி கட்சன்பெர்க் மூவரும் வந்தார்கள். அனிமேஷன் பிரிவை என் பொறுப்பில் விடுங்கள் என்று ராய் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தப் பிரிவு பிழைத்ததற்கு முதற்காரணம் அவருடைய அந்தப் பிடிவாதம்.

க்ளெண்டேல் கிடங்குக்குப் போனவர்களிடம் இழப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. கட்டடம் போயிற்று, பழைய மரியாதை போயிற்று, அவற்றோடு பழைய பயமும் போயிற்று. சராசரி வயது குறைந்திருந்தது. யார் வேண்டுமானாலும் கதை சொல்லலாம் என்ற கூட்டங்கள் நடந்தன. அப்படியொரு கூட்டத்தில் ரான் க்ளெமெண்ட்ஸ் முன்வைத்த கடற்கன்னிக் கதை முதலில் நிராகரிக்கப்பட்டு, பின் ஏற்கப்பட்டது.

நியூயார்க்கின் இசை நாடக மேடையிலிருந்து பாடலாசிரியர் ஹோவர்ட் ஆஷ்மனும் இசையமைப்பாளர் ஆலன் மென்கனும் வந்தார்கள். கதை நின்று பாட்டுக்கு வழிவிடக் கூடாது, பாட்டே கதையை நகர்த்த வேண்டும் என்பது ஆஷ்மனின் கொள்கை. நாயகி தன் மனத்தில் உள்ள ஏக்கத்தைப் படத்தின் தொடக்கத்திலேயே பாடிவிட வேண்டும். அதன்பின் பார்ப்பவர் அவள் பக்கம். ஒரு முன்னோட்டக் காட்சியில் குழந்தைகள் கவனம் சிதறியதைக் கண்ட கட்சன்பெர்க் கடற்கன்னியின் அந்த ஏக்கப் பாட்டை நீக்கிவிட நினைத்தார். ஆஷ்மனும் அந்தக் காட்சியை வரைந்துகொண்டிருந்த க்ளென் கீனும் எதிர்த்து நின்றார்கள். பாட்டு தங்கியது. 1989 நவம்பரில் வெளிவந்த ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ அமெரிக்காவில் மட்டும் 8.4 கோடி டாலர் ஈட்டி, இசைக்கும் பாடலுக்கும் ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது.

‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’ 1991-ல் வந்தது. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் போட்டியில் இடம்பெற்ற முதல் அனிமேஷன் படம். ஆஷ்மன் அதைப் பார்க்கவில்லை. அந்த ஆண்டு மார்ச் 14 அன்று, 40 வயதில், எய்ட்ஸ் நோயால் அவர் இறந்திருந்தார். ‘அலாதீன்’ 1992-லும் ‘தி லயன் கிங்’ 1994-லும் வந்தன. சிங்கக் கதையின் உலக வசூல் 75 கோடி டாலரைக் கடந்தது. 1995-ல் அனிமேஷன் பிரிவு க்ளெண்டேலிலிருந்து பர்பாங்குக்குத் திரும்பியது. அதற்கென்றே புதிய கட்டடம் எழுந்திருந்தது.

இந்த எழுச்சியிலும் பழைய கணக்கு ஓசையில்லாமல் நடந்தது. ‘தி லிட்டில் மெர்மெய்ட்’தான் செல் தாளில் வண்ணம் தீட்டி முடித்த கடைசிப் படம். அடுத்த ஆண்டின் ‘தி ரெஸ்க்யூவர்ஸ் டவுன் அண்டர்’ முதல், பென்சில் ஓவியத்தை மின்னணு முறையில் பதிவுசெய்து கணினியிலேயே வண்ணம் நிரப்பினார்கள். கன்னச் சிவப்பின் மென்மையும் கேமரா நகர்வின் ஆழமும் திரும்பக் கிடைத்தன. ஸெராக்ஸ் பறித்ததைக் கணினி திருப்பித் தந்தது என்றே சொல்லலாம். ஆனால் அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் செல் தாளில் ஓடிய தூரிகை அத்தோடு நின்றது.

இரண்டாம் சரிவு

1994 ஏப்ரலில் ஃப்ராங்க் வெல்ஸ் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். சில மாதங்களில் கட்சன்பெர்க் விலகி, போட்டிக் கூடம் ஒன்றைத் தொடங்கினார். 1995-ல் பிக்ஸார் என்ற வேறொரு கூடம் எடுத்த ‘டாய் ஸ்டோரி’ முழுவதும் கணினியிலேயே உருவாகி வெற்றி கண்டது. அதன் இயக்குநர், டிஸ்னி ஒருமுறை வேலையை விட்டு அனுப்பிய அதே லாசெட்டர்.

டிஸ்னியில் சம்பளங்கள் ஏறின, செலவுகள் ஏறின, இயக்குநருக்கும் படத்துக்கும் நடுவே அதிகாரிகளின் அடுக்குகள் கூடின. ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் திருத்தக் குறிப்புகள் வந்தன. அவை ஆலோசனைகளாக இல்லை, கட்டளைகளாக இருந்தன.

2002 என்ற ஓர் ஆண்டை மட்டும் நிறுத்திப் பார்க்கலாம். கோடையில் ‘லிலோ அண்ட் ஸ்டிட்ச்’ வந்தது. ஃப்ளோரிடாக் கிளையில், தலைமையகத்தின் தலையீடு குறைந்த தொலைவில், சுமார் 8 கோடி டாலரில் உருவான படம் அது. பின்னணிகள் 1940-களுக்குப் பிறகு முதன்முறையாக நீர்வண்ணத்தில் தீட்டப்பட்டன. பெற்றோரை இழந்த இரண்டு சகோதரிகளின் கதை. உலகெங்கும் 27 கோடி டாலர் ஈட்டியது. அதே ஆண்டு நவம்பரில் ‘ட்ரெஷர் ப்ளானட்’ வந்தது. 14 கோடி டாலர் செலவழித்து, அந்தச் செலவைக்கூடத் திரும்பப் பெறவில்லை. இரண்டிலும் பாத்திரங்களை வரைந்தது பென்சில்தான். ஒன்று வென்றது, ஒன்று தோற்றது.

நிர்வாகம் தோல்வியை மட்டும் எண்ணிப் பார்த்தது. பழியைப் பென்சிலின் மேல் போட்டது. பாரிஸ் கிளை 2003-ல் மூடப்பட்டது. ஃப்ளோரிடாக் கிளை 2004 தொடக்கத்தில் மூடப்பட்டது. பொழுதுபோக்குப் பூங்காவுக்குள்ளேயே அமைந்த கூடம் அது. ஓவியர்கள் வேலை செய்வதைக் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று குடும்பங்கள் வேடிக்கை பார்த்திருந்த இடம். அந்த ஆண்டின் ‘ஹோம் ஆன் த ரேஞ்ச்’தான் கடைசிக் கைவரைப் படம் என்று அப்போது ஆனது. பல பத்தாண்டுகள் பென்சில் பிடித்தவர்கள் ஒன்று கணினியைக் கற்றார்கள், அல்லது வீட்டுக்குப் போனார்கள். அனிமேஷனைக் காத்த ராய் டிஸ்னி 2003 நவம்பரிலேயே பதவியைத் துறந்துவிட்டு நிர்வாகத்தை வெளியிலிருந்து எதிர்த்துக்கொண்டிருந்தார்.

2005-ல் கணினியில் உருவான ‘சிக்கன் லிட்டில்’ வந்தது. வசூல் வந்தது, விமர்சகர்களின் பாராட்டு வரவில்லை. கருவி மாறியும் கதை மாறவில்லை என்பதற்கு அந்த ஒரு படமே போதும்.

இரண்டாம் எழுச்சி

2006 ஜனவரியில் டிஸ்னி 740 கோடி டாலருக்குப் பிக்ஸாரை வாங்குவதாக அறிவித்தது. பணம் கொடுத்தது டிஸ்னி என்றாலும், டிஸ்னியின் அனிமேஷன் கூடத்தை நடத்தும் பொறுப்பு பிக்ஸாரின் எட் கேட்மலுக்கும் லாசெட்டருக்கும் போனது. கூடத்தை மூடிவிட்டுப் பிக்ஸாரோடு சேர்த்துவிடலாம் என்று பலர் எதிர்பார்த்தார்கள். கேட்மல் இரண்டையும் தனித்தனியாகவே வைத்தார். ஒரு கூடத்தின் வேலையை மற்றொரு கூடம் செய்து கொடுக்கக் கூடாது என்பது அவர் போட்ட விதி. விழுந்த கூடம் தன் காலாலேயே எழுந்து நிற்க வேண்டும்.

அதிகாரிகளின் கட்டாயக் குறிப்புகள் நின்றன. அவற்றுக்குப் பதிலாக இயக்குநர்களும் கதாசிரியர்களும் ஒன்றாக உட்கார்ந்து, அரைகுறையாக இருக்கும் படத்தை ஒளிவுமறைவின்றி விமர்சிக்கும் குழு உருவானது. அவர்கள் சொல்வதை ஏற்பதும் மறுப்பதும் இயக்குநரின் உரிமை. அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் முன்பும் இருந்தவர்களே. மாறியது அவர்கள் பேசும் முறை.

‘டேங்கில்ட்’ 2010-ல் வந்தது. பென்சில் தலைமுறையின் பெரிய கலைஞர் க்ளென் கீன், கணினி அனிமேட்டர்கள் செய்த உருவங்களின் மேலேயே வரைந்து, கழுத்து எப்படிச் சாய வேண்டும், கண் எங்கே சுருங்க வேண்டும் என்று காட்டினார். கைப்பழக்கம் கணினிக்குக் கடத்தப்பட்ட இடம் அது. மூன்று ஆண்டுகளில் ‘ஃப்ரோஸன்’. எல்சா முதலில் வில்லியாகத்தான் எழுதப்பட்டிருந்தாள். கணவன் மனைவியான ராபர்ட் லோபஸும் கிறிஸ்டன் ஆண்டர்சன் லோபஸும் அவளுக்கென்று எழுதிய ஒரு பாட்டு அவளை வில்லியாக இருக்கவிடவில்லை. அந்தப் பாட்டுக்காகக் கதை திருத்தி எழுதப்பட்டது. ஆஷ்மன் விதைத்துப் போனது 22 ஆண்டுகளுக்குப் பின் மறுபடி முளைத்தது.

அக்கா தங்கை உறவு எப்படிப்பட்டது என்று அறிய, கூடத்தில் வேலை செய்த பெண்களை அழைத்து உட்காரவைத்து அவர்கள் சொல்வதைக் கேட்டார்கள். 1938-ல் படைப்பு வேலை பெண்களுக்கு இல்லை என்று எழுதிய அதே நிறுவனம்! அந்தப் படத்தை க்ரிஸ் பக்குடன் சேர்ந்து இயக்கிய ஜெனிஃபர் லீ, இந்தக் கூடத்தின் முழுநீளப் படம் ஒன்றை இயக்கிய முதல் பெண். சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருது இந்தக் கூடத்துக்கு முதன்முதலில் கிடைத்ததும் அந்தப் படத்தால்தான். தன் நடத்தை பற்றிய புகார்களை அடுத்து 2017-ல் விடுப்பில் சென்ற லாசெட்டர் அடுத்த ஆண்டு இறுதியில் நிறுவனத்தை விட்டே விலகினார். அவருடைய இடத்துக்கு 2018-ல் ஜெனிஃபர் லீ வந்து, 2024 வரை இருந்தார். ‘ஸ்னோ ஒயிட்’ காலத்துக் கூடத்தோடு ஒப்பிட்டால், இந்த மாற்றம் எந்த வசூலையும்விடப் பெரிய ஆதாயம்.

இழப்பின் பக்கம்

கைவரைப் படத்துக்கும் இன்னொரு வாய்ப்பு கிடைக்காமல் இல்லை. ‘தி பிரின்சஸ் அண்ட் த ஃப்ராக்’ 2009-ல் வந்து சுமார் 26.7 கோடி டாலர் ஈட்டியது; ‘டேங்கில்ட்’ அடுத்த ஆண்டு அதைப்போல இரு மடங்குக்கும் மேல் ஈட்டியது. 2011-ன் ‘வின்னி த பூ’வோடு வாய்ப்பு முடிந்தது. திரையரங்குக்கான கைவரைப் படம் எதுவும் உருவாக்கத்தில் இல்லை என்று 2013-ல் நிறுவனத் தலைவர் பாப் இகர் சொன்னார்.

அதன்பின் பென்சில் ஓரங்களில் வாழ்ந்தது. 2012-ன் ‘பேப்பர்மேன்’ குறும்படத்தில் கணினி உருவத்தின் மேல் கைக்கோடு ஓடியது. அதற்கு ஆஸ்கரும் கிடைத்தது. 2016-ன் ‘மொவானா’வில், மாவியின் உடம்பில் குதித்தாடும் பச்சைக்குத்து உருவங்களைக் கையால் அசைய வைத்தவர் எரிக் கோல்ட்பெர்க். 2023-ல் கூடத்தின் நூற்றாண்டுக்காக வந்த ‘ஒன்ஸ் அப்பான் எ ஸ்டூடியோ’ குறும்படத்தில் 543 பாத்திரங்கள் ஒன்று கூடின. பழைய நாயகர்களை மறுபடி கையாலேயே வரைந்தார்கள். 1953-ல் வேலைக்குச் சேர்ந்து, ஏறத்தாழ 70 ஆண்டுகள் அங்கேயே உழைத்து, அந்த ஆண்டு மறைந்த பர்னி மாட்டின்சனுக்கு அது காணிக்கையாக்கப்பட்டது.

அதே நூற்றாண்டு விழா ஆண்டில் வெளியான முழுநீளப் படம் ‘விஷ்’. பழைய படங்களின் நீர்வண்ணத் தோற்றத்தைக் கணினியில் கொண்டுவர அதில் அரும்பாடு பட்டார்கள். படம் ஓடவில்லை. அடுத்த ஆண்டு ‘மொவானா 2’ 100 கோடி டாலரைக் கடந்தது. எழுச்சியும் சரிவும் அங்கே இன்னும் மாறி மாறித்தான் வருகின்றன.

கணக்கைக் கூட்டிப் பார்த்தால் கிடைப்பது இதுதான். 1985-ல் தோற்ற அதே பென்சில் 1989-ல் வென்றது. 2005-ல் பாராட்டுப் பெறாத அதே கணினி 2013-ல் உலகை ஈர்த்தது. ஒவ்வொரு சரிவின்போதும் கருவிதான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது. ஒவ்வொரு முறையும் கூடத்தை எழுப்பியதோ, கதை சொல்பவருக்குக் கிடைத்த சுதந்திரம். 2004-ல் பென்சிலுக்கு எதிராக வழங்கப்பட்ட தீர்ப்பு தவறு. அதற்குச் சான்று அந்தக் கூடத்தின் சொந்த வரலாறே.

ஏறத்தாழ ஆறரைக் கோடி ஓவியத் தாள்களையும் கலைப்பொருள்களையும் டிஸ்னி இன்று தன் காப்பகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறது. அண்மை ஆண்டுகளில் கைவரைக் கலைக்கென்று இளைஞர்களைப் பயிற்சிக்குச் சேர்த்து, கோல்ட்பெர்க் போன்ற மூத்தவர்களிடம் ஒப்படைத்தும் இருக்கிறது. கற்றுத் தர ஆள் இருக்கிறார்கள், கற்றவர்களும் இருக்கிறார்கள். காப்பகத்தில் தாள்களைக் காப்பது பாதி வேலைதான். அந்தக் கைகளிடம் ஒரு முழுநீளப் படத்தை டிஸ்னி கொடுக்க வேண்டும். கற்றுத் தரும் மூத்தவர்களின் தலைமுறை ஓய்வு பெறுமுன் கொடுக்க வேண்டும்.